வீட்டிலேயே குழந்தைக் காப்பகம்: எந்தச் சட்டம், யார் பொறுப்பு?

பெற்றோர் வேலைக்குப் போயிருக்கும் நேரத்தில், பள்ளி வயதை எட்டாத பிள்ளைகளைக் கட்டணம் வாங்கிக்கொண்டு பார்த்துக்கொள்ளும் இடமே குழந்தைக் காப்பகம். பேச்சு வழக்கில் இதை ‘கிரீச்’ என்பார்கள், ‘டே கேர்’ என்பார்கள். தனிக் கட்டடத்தில் பெரிய அளவில் நடப்பவை உண்டு. அவற்றைவிட, குடியிருக்கும் வீட்டின் கூடத்தையும் ஓர் அறையையும் ஒதுக்கி, ஐந்தாறு பிள்ளைகளோடு தொடங்குபவையே அதிகம் கண்ணில் படுகின்றன. அக்கம்பக்கத்தில் தெரிந்த ஒரு பெண்மணி, உதவிக்கு ஓர் ஆயாம்மா, வாசலில் ஒரு சிறு பலகை. பலகை இல்லாமல் வாய்மொழியாகவே நடப்பவையும் உண்டு.

2019 நவம்பர் 29 அன்று காஞ்சிபுரத்திலிருந்து பிரிந்த செங்கல்பட்டு மாவட்டத்தில் இந்தத் தேவை பல வடிவில் இருக்கிறது. சிறுசேரி சிப்காட் தகவல் தொழில்நுட்பப் பூங்கா, மகிந்திரா வேர்ல்டு சிட்டி, மறைமலைநகர்த் தொழிற்சாலைகள், தாம்பரம் மெப்ஸ் ஏற்றுமதி மண்டலம் ஆகிய இடங்களில் வேலை பார்க்கும் பெண்களுக்குக் காலை எட்டு முதல் மாலை ஏழு வரை ஆள் வேண்டும். ஷிஃப்ட் மாறினால் நேரமும் மாறும். மாமல்லபுரத்தை ஒட்டிய கொக்கிலமேடு, தேவநேரி போன்ற மீனவக் குப்பங்களில் மீன் விற்கப் புறப்படும் பெண்களுக்கு விடியற்காலையே குழந்தையை விட ஓர் இடம் வேண்டும். சொந்த ஊரை விட்டு வந்து அடுக்குமாடியில் குடியேறிய குடும்பங்களில் பாட்டியோ அத்தையோ கூட இருப்பதில்லை.

இப்படி ஒரு காப்பகத்தை வீட்டில் தொடங்க நினைப்பவர் முதலில் கேட்பது, ‘லைசென்ஸ் எங்கே வாங்க வேண்டும்?’ என்பதுதான். இதற்கு ஒரே வரியில் பதில் கிடையாது. வீட்டில் நடத்தும் பகல்நேரக் காப்பகத்துக்கென்றே எழுதப்பட்ட தனிச்சட்டம் தமிழ்நாட்டில் இல்லை. அதனால் விதியே இல்லை என்று எண்ணிவிடக் கூடாது. பள்ளிக் கல்வி, சமூக நலம், உள்ளாட்சி, உணவுப் பாதுகாப்பு, குழந்தைப் பாதுகாப்பு எனப் பல சட்டங்களின் ஓரங்கள் இந்த ஒரே கூடத்தின்மேல் வந்து விழுகின்றன. எது பொருந்தும் என்பதைப் பலகையில் எழுதிய பெயர் தீர்மானிப்பதில்லை. உள்ளே நடக்கும் வேலைதான் தீர்மானிக்கிறது.

காப்பகமா, பள்ளியா, இல்லமா?

மூன்று கேள்விகளைக் கேட்டால் பாதி தெளிவாகிவிடும்: பிள்ளைகளின் வயது என்ன? அங்கே பாடம் நடக்கிறதா? இரவு தங்குகிறார்களா?

மூன்று வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளைச் சேர்த்து, எழுத்தும் எண்ணும் பாட்டும் சொல்லிக்கொடுத்து, ‘பிளே ஸ்கூல்’ என்று நடத்தினால் அது பள்ளிக் கல்வித் துறையின் பார்வைக்குள் வரும். தனியார் விளையாட்டுப் பள்ளிகளுக்கான ஒழுங்குமுறை விதிகளைத் தமிழக அரசு 2015இல் வெளியிட்டது. எனவே இத்தகைய பள்ளி தொடங்குபவர் மாவட்டத்தில் தனியார் பள்ளிகளைக் கவனிக்கும் கல்வி அலுவலரிடம் முதலில் விசாரித்துவிட வேண்டும். தேசியக் குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையமும் தனியார் விளையாட்டுப் பள்ளிகளுக்கு வழிகாட்டு நெறிகளைத் தந்திருக்கிறது. மூன்று வயது நிறையாத குழந்தையைச் சேர்க்கக் கூடாது, 20 பிள்ளைகளுக்கு ஓர் ஆசிரியரும் ஒரு பராமரிப்பாளரும் வேண்டும், நாளொன்றுக்கு மூன்று முதல் நான்கு மணி நேரமே பள்ளி நடக்கலாம் என்பவை அவற்றில் முக்கியமானவை.

ஆறு மாதக் கைக்குழந்தை முதல் ஆறு வயது வரை உள்ளவர்களை நாள் முழுக்கப் பார்த்துக்கொள்வது பள்ளியல்ல, காப்பகம். தனிச்சட்டம் இல்லாத பகுதி இதுதான். ஒரே வீட்டில் காலையில் பிளே ஸ்கூலும் மதியத்துக்கு மேல் டே கேரும் நடந்தால் இரண்டு பகுதிக்கும் உரிய விதிகளைத் தனித்தனியே பார்க்க வேண்டும்.

இரவுப் பணியில் இருக்கும் பெற்றோருக்காகக் குழந்தையை இரவும் தங்கவைத்தால் நிலைமை வேறாகிவிடும். பெண்களும் குழந்தைகளும் தங்கும் விடுதிகள், இல்லங்களை ஒழுங்குபடுத்த தமிழ்நாடு 2014இல் ஒரு சட்டம் இயற்றியது. அதன்படி உரிமம் தருபவர் மாவட்ட ஆட்சியர். பகலில் பார்த்துக்கொண்ட வீடு, தங்குமிடமாக மாறும்போது இந்தச் சட்டத்தின் வரம்புக்குள் வர இடமுண்டு. ஆதரவற்ற குழந்தைகளை வைத்துப் பராமரிப்பதோ முற்றிலும் வேறு. அதற்கு 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டத்தின்கீழ்ப் பதிவு கட்டாயம். பதிவில்லாமல் நடத்தினால் ஓராண்டு வரை சிறை அல்லது ஒரு லட்சம் ரூபாய்க்குக் குறையாத அபராதம், அல்லது இரண்டுமே உண்டு. இரவுத் தங்கலைத் தொடங்குமுன் மாவட்ட சமூக நல அலுவலகத்திலும் குழந்தைகள் பாதுகாப்பு அலகிலும் கேட்டுத் தெளிவது நல்லது.

வீட்டைத் தொழிலிடமாக்கும்போது

குடியிருப்பு வீட்டில் கட்டணம் வாங்கி ஒரு சேவை நடக்கும்போது அது உள்ளாட்சி அமைப்பின் கவனத்துக்கு உரியதாகிறது. தாம்பரம் என்றால் மாநகராட்சி, மறைமலைநகர், மதுராந்தகம் என்றால் நகராட்சி, திருப்போரூர் என்றால் பேரூராட்சி, கேளம்பாக்கம் என்றால் ஊராட்சி. தொழில் உரிமம் தேவையா, சொத்துவரி மாறுமா என்பதை அந்தந்த அலுவலகத்திலேயே எழுத்தில் கேட்டுப் பெறுவது பின்னால் வரும் சிக்கலைத் தவிர்க்கும். வீட்டு உபயோகத்துக்கு வாங்கிய மின் இணைப்பில் தொழில் நடந்தால் கட்டணப் பிரிவு மாறக்கூடும். மின்வாரியப் பிரிவு அலுவலகத்தில் இதைத் தெரிந்துகொள்ளலாம்.

வாடகை வீடு என்றால் உரிமையாளரின் சம்மதம் வாய்வார்த்தையாக இருந்தால் போதாது. ‘குடியிருப்புக்கு மட்டும்’ என்று எழுதிய ஒப்பந்தத்தை வைத்துக்கொண்டு காப்பகம் நடத்தினால், மனத்தாங்கல் வந்த அன்றே காலிசெய்யச் சொல்வார்கள். பிள்ளைகளின் பெற்றோரும் நடுத்தெருவில் நிற்பார்கள். அடுக்குமாடியில் குடியிருப்போர் சங்கத்தின் ஒப்புதலும் வேண்டும்.

சிறுதொழிலாகக் கணக்கு வைத்துக்கொள்ள உத்யம் பதிவு உதவும். இணையத்தில் கட்டணமின்றிச் செய்துகொள்ளலாம். சேவைத் தொழிலில் ஆண்டு வருமானம் 20 லட்சம் ரூபாயைத் தாண்டினால்தான் பொதுவாக ஜி.எஸ்.டி. பதிவு தேவை. ஒரு வீட்டுக் காப்பகம் அந்த எல்லையை எட்டுவது அரிது. கட்டணத்தோடு சாப்பாடும் சமைத்துத் தருவதானால் 2006ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ்ப் பதிவு தேவையா என்று மாவட்ட உணவுப் பாதுகாப்பு அலுவலகத்தில் கேட்க வேண்டும். பெற்றோரே டப்பாவில் கட்டிக்கொடுக்கும் முறையைப் பல வீடுகள் விரும்புவதற்கு இதுவும் ஒரு காரணம்.

எத்தனை பேர், எவ்வளவு இடம்?

காப்பகத்துக்கு அளவுகோல் வேண்டுமென்றால் மத்திய அரசின் ஆவணங்களில் கிடைக்கிறது. 2017இல் மகப்பேறு நலச் சட்டம் திருத்தப்பட்டு, 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனங்களில் காப்பக வசதி கட்டாயமானது. தாய் ஒரு நாளில் நான்கு முறை குழந்தையைப் போய்ப் பார்த்துவரும் உரிமையும் அதிலேயே வந்தது. அந்தக் காப்பகங்களுக்கான குறைந்தபட்ச வழிகாட்டு நெறிகளை மகளிர், குழந்தைகள் மேம்பாட்டு அமைச்சகம் 2018இல் வெளியிட்டது. ஒரு குழந்தைக்கு 10 முதல் 12 சதுர அடி இடம், மூன்று வயதுக்குட்பட்ட 10 குழந்தைகளுக்கு ஒரு பராமரிப்பாளர், மூன்றுக்கு மேற்பட்ட 20 குழந்தைகளுக்கு ஒருவரும் ஓர் உதவியாளரும் என்பது அதன் கணக்கு. வீட்டுக் காப்பகத்தை இந்த நெறிகள் நேரடியாகக் கட்டுப்படுத்துவதில்லை. ஆனாலும் கையில் இருக்கும் அளவுகோல் இதுதான்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். பன்னிரண்டுக்குப் பதினைந்து அடிக் கூடம் 180 சதுர அடி. இடத்தை மட்டும் பார்த்தால் 15 முதல் 18 பிள்ளைகள் கொள்ளும். அதில் சோபா, அலமாரி, தொட்டில் ஆகியவை பிடிக்கும் இடத்தைக் கழிக்க வேண்டும். எல்லாரும் மூன்று வயதுக்குக் கீழே, பார்ப்பவர் ஒருவர் என்றால் 10க்கு மேல் கூடாது. இரண்டு கணக்கில் எது குறைவோ அதுவே எல்லை. அந்த ஒருவர் ஒரு குழந்தைக்குக் கழுவிவிடப் போகும் ஐந்து நிமிடத்தில் மற்ற ஒன்பது பேரையும் யார் பார்ப்பது? அதனால் எண்ணிக்கை எவ்வளவு குறைவாக இருந்தாலும், வீட்டில் எந்நேரமும் இரண்டு பெரியவர்கள் இருப்பதுதான் நடைமுறைப் பாதுகாப்பு.

வெளிநாடுகளில் வீட்டுக் காப்பகத்துக்கே தனிவிதி உண்டு. டொரன்டோவில் பல தமிழ்க் குடும்பங்கள் பயன்படுத்தும் வீட்டுக் காப்பகங்கள் ஒன்டாரியோ மாகாணத்தின் 2014ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் நடக்கின்றன. உரிமம் பெறாத வீட்டில் அதிகபட்சம் ஐந்து குழந்தைகள், அவர்களில் இரண்டு வயதுக்குட்பட்டவர் மூன்று பேருக்கு மேல் கூடாது. நடத்துபவரின் நான்கு வயதுக்குட்பட்ட சொந்தப் பிள்ளையும் அந்தக் கணக்கில் சேரும். உரிமம் இல்லை என்பதைப் பெற்றோருக்கு எழுத்தில் சொல்லிவிட வேண்டும். உரிமம் பெற்ற முகமையின் மேற்பார்வையில் நடத்தினால் ஆறு பேர் வரை பார்க்கலாம். 2013இல் டொரன்டோவை அடுத்த வாஹன் நகரில், அளவுக்கு மீறிப் பிள்ளைகளைச் சேர்த்திருந்த ஒரு வீட்டுக் காப்பகத்தில் இரண்டு வயதுக் குழந்தை ஒன்று இறந்தது. கட்டுப்பாட்டை இறுக்க வேண்டும் என்ற குரல் அதன்பின் வலுத்தது. இங்கிலாந்தில் வீட்டில் பார்ப்பவர் ஒரே நேரத்தில் எட்டு வயதுக்குட்பட்ட ஆறு பேரைத்தான் வைத்துக்கொள்ளலாம். அவர்களில் பச்சிளங்குழந்தை பொதுவாக ஒன்றுதான். அந்த வீட்டில் குடியிருக்கும் 16 வயதுக்கு மேற்பட்ட எல்லாருடைய பின்னணியும் சரிபார்க்கப்படும். காப்பகம் நடத்துபவர் நல்லவராக இருந்தால் மட்டும் போதாது, அந்த வீட்டில் நடமாடும் எல்லாரும் கணக்கில் வருவார்கள் என்பதே அதன் பொருள். இங்கே சட்டம் கேட்காவிட்டாலும் கவனிக்க வேண்டிய விஷயம் இது.

வீடு எப்படி இருக்க வேண்டும்?

தரைத்தளம் முதல் தேவை. ஆபத்து நேரத்தில் நடக்கத் தெரியாத நான்கு குழந்தைகளை இரண்டு பேர் படி இறக்குவது எளிதல்ல. 2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் பள்ளியின் சமையலறைத் தீ கூரைக்குப் பரவி 94 குழந்தைகள் உயிரிழந்தார்கள். கீற்றுக் கூரையும், சமையல் பக்கத்திலேயே நடந்ததும், நெருக்கமான மாடி வகுப்பும் சேர்ந்து செய்த கொடுமை அது. வீட்டுக் காப்பகத்துக்கும் அந்தப் பாடம் பொருந்தும். சமையலறைக்குக் குழந்தைகள் நுழைய முடியாதபடி தடுப்பு வேண்டும். சிலிண்டர் வெளிப்புறம் இருப்பது மேல். கூடத்திலிருந்து வெளியேற இரண்டு வழி இருக்க வேண்டும். இரண்டையும் பகலில் பூட்டி வைக்கக் கூடாது. தீயணைப்பான் ஒன்று, அதை இயக்கத் தெரிந்த ஆள் ஒருவர்.

தீயைவிட அடிக்கடி வரும் ஆபத்து தண்ணீர். தவழும் குழந்தை மூழ்கக் கால் வாளித் தண்ணீர் போதும். பின்கட்டுக் கிணற்றுக்குக் கம்பி வலை மூடி, கீழ்த்தண்ணீர்த் தொட்டிக்குப் பூட்டு, குளியலறைக் கதவுக்கு மேல்தாழ், இரவிலேயே கவிழ்த்து வைத்த வாளி ஆகியவற்றுக்குச் செலவு அதிகமில்லை. மொட்டைமாடிப் படிக்குக் கதவு வேண்டும். ஃபினாயிலையும் ஆசிட்டையும் கூல்டிரிங்ஸ் பாட்டிலில் ஊற்றி வைக்கும் பழக்கம் அந்த வீட்டில் அறவே கூடாது. கொசு விரட்டி திரவம், மாத்திரைகள், பட்டன் பேட்டரி, ஊக்கு எல்லாம் எட்டாத உயரத்தில் இருக்க வேண்டும். சேலையில் கட்டிய தூளி நம் வழக்கம்தான். ஆனாலும் ஆளில்லாத அறையில் தூளியில் குழந்தையை விட்டுவைத்தால் துணி முறுக்கிக் கழுத்தைச் சுற்றும். ஒரு வயதுக்குட்பட்ட குழந்தையைக் கெட்டியான விரிப்பில் மல்லாக்கப் படுக்கவைப்பதே பாதுகாப்பு.

கடலோர மாவட்டத்துக்கு இன்னொரு தயாரிப்பும் வேண்டும். 2015 டிசம்பர் வெள்ளத்தில் தாம்பரத்தை அடுத்த முடிச்சூர் மூழ்கியது. 2022 டிசம்பர் 9 இரவு மாண்டஸ் புயல் மாமல்லபுரம் அருகே கரையைக் கடந்தது. ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் எந்த எச்சரிக்கை வந்தால் காப்பகம் மூடப்படும், வேலையிடத்தில் சிக்கிய பெற்றோர் வரும்வரை குழந்தை எங்கே இருக்கும், மாற்றாக யார் வந்து கூட்டிச்செல்லலாம் என்பதைச் சேர்க்கும் நாளிலேயே எழுதி வைத்துவிட வேண்டும்.

உணவும் உடல்நலமும்

சேர்க்கும்போது தடுப்பூசி அட்டையின் நகல், ஒவ்வாமை விவரம், வழக்கமாகப் பார்க்கும் மருத்துவரின் பெயர், அவசரத்துக்கு இரண்டு தொலைபேசி எண்கள் ஆகியவற்றைக் கேட்டு வாங்க வேண்டும். காய்ச்சலோ வயிற்றுப்போக்கோ இருக்கும் குழந்தையை அன்று ஏற்பதில்லை என்ற விதி பெற்றோருக்குச் சிரமம் தரும். இருந்தாலும் மற்றப் பிள்ளைகளுக்காக அதைத் தளர்த்தக் கூடாது. பெற்றோர் பெயரும் அளவும் நேரமும் எழுதிக்கொடுக்காத எந்த மருந்தையும் தரக் கூடாது. தூங்கவைக்கச் சளி மருந்து கொடுப்பது குற்றத்துக்கு ஒப்பான அலட்சியம்.

தாய்ப்பாலைப் பீய்ச்சிக் கொடுத்தனுப்பினால் 25 டிகிரி வரையான அறை வெப்பத்தில் நான்கு மணி நேரம் தாங்கும். சித்திரை வெயிலில் அந்தக் கணக்கு செல்லாது. வந்தவுடன் குளிர்பெட்டியில் வைத்துவிட வேண்டும். கலக்கிய பால்பவுடரை இரண்டு மணி நேரத்துக்கு மேல் வைத்திருக்கக் கூடாது. ஒரு வயது ஆகாதவர்களுக்குத் தேன் ஆகாது. முழு வேர்க்கடலை, முழுத் திராட்சை போன்றவை தொண்டையில் அடைக்கும். ஏடிஸ் கொசு கடிப்பது பகலில்; காப்பகம் நடப்பதும் பகலில். எனவே தேங்கிய தண்ணீரை வாரம் ஒருமுறை கொட்டிவிடுவது டெங்குவுக்கு எதிரான முதல் வேலை. முதலுதவி தெரிந்த ஒருவரும் 108 எண்ணும் எப்போதும் தயாராக இருக்க வேண்டும்.

ஆளும் நடத்தையும்

உதவிக்கு வருபவரின் முகவரி, அடையாளச் சான்று, முன்பு வேலை பார்த்த வீட்டார் சொல் ஆகியவற்றைச் சரிபார்க்க வேண்டும். காவல்துறைச் சரிபார்ப்புக்குத் தமிழ்நாடு காவல்துறையின் இணையதளத்திலேயே விண்ணப்பிக்கலாம். 14 வயது ஆகாத சிறுமியை ‘குழந்தையைப் பார்த்துக்கொள்ள’ வேலைக்கு வைப்பது சட்டப்படி குற்றம்.

தனிச்சட்டம் இல்லாத இந்தத் தொழிலில் மிகக் கடுமையாகப் பாயும் சட்டங்கள் இங்கேதான் இருக்கின்றன. இளைஞர் நீதிச் சட்டத்தின் 75ஆம் பிரிவுப்படி, தன் பொறுப்பில் உள்ள குழந்தையை அடிப்பது, துன்புறுத்துவது, வேண்டுமென்றே கவனிக்காமல் விடுவது ஆகியவற்றுக்கு மூன்றாண்டு வரை சிறையோ ஒரு லட்சம் ரூபாய் அபராதமோ இரண்டுமோ கிடைக்கும். குழந்தைப் பராமரிப்பு ஒப்படைக்கப்பட்ட அமைப்பை நடத்துபவரோ அதில் வேலை செய்பவரோ செய்தால் ஐந்தாண்டு வரை கடுங்காவலும் ஐந்து லட்சம் வரை அபராதமும். 2016இல் நவி மும்பையின் கார்கரில் ஒரு காப்பகத்தின் கேமராப் பதிவு, கைக்குழந்தையை ஊழியர் அடித்ததை ஊரறியச் செய்தது. கேமரா இருந்ததால் உண்மை வெளியே வந்தது. அடி விழுவதைக் கேமரா தடுக்கவில்லை. தடுக்க வேண்டியது நடத்துபவரின் கண்.

2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டம் பாலியல் குற்றத்தை அறிந்தவர், ஏன் சந்தேகிப்பவர்கூட, காவல்துறைக்குத் தெரிவிக்க வேண்டும் என்று கட்டாயப்படுத்துகிறது. மறைத்தால் ஆறு மாதம் வரை சிறை. நிறுவனப் பொறுப்பில் இருப்பவர் தமக்குக் கீழே வேலை செய்பவரின் குற்றத்தை மறைத்தால் ஓராண்டு வரை. ‘நம்ம வீட்டு விஷயம், பேசித் தீர்த்துக்கொள்ளலாம்’ என்பதற்கு இங்கே இடமில்லை. 1098 என்ற குழந்தைகள் உதவி எண் சுவரில் எல்லார் கண்ணிலும் படும்படி இருக்க வேண்டும்.

எழுத்தில் இருக்க வேண்டியவை

வரவுப் பதிவேடு, கொண்டுவந்து விட்டவர், கூட்டிச்சென்றவர் கையெழுத்து, மருந்து கொடுத்த குறிப்பு, விபத்துப் பதிவு ஆகிய நான்கும் தினமும் எழுதப்பட வேண்டும். யாரிடம் குழந்தையை ஒப்படைக்கலாம் என்ற பட்டியலில் இல்லாதவர் தாய்மாமனே ஆனாலும், பெற்றோரைத் தொலைபேசியில் கேட்காமல் அனுப்பக் கூடாது. பிள்ளைகளின் படத்தை வாட்ஸ்அப்பிலோ விளம்பரத்திலோ போடுமுன் பெற்றோரின் எழுத்து அனுமதி வேண்டும்.

பெற்றோரோடு செய்துகொள்ளும் ஒப்பந்தம் ஒரு பக்கம் இருந்தால் போதும். நேரம், கட்டணம், தாமதக் கட்டணம், விடுமுறை நாட்கள், சாப்பாடு யார் பொறுப்பு, நோய் விதி, நிறுத்த விரும்பினால் எத்தனை நாள் முன்னறிவிப்பு என்பவை அதில் வர வேண்டும். முன்னறிவிப்பின்றி எந்த நேரத்திலும் பெற்றோர் உள்ளே வந்து பார்க்கலாம் என்ற வரியும் அவசியம். அந்த வரியை எழுத மறுக்கும் காப்பகத்தில் குழந்தையை விடுமுன் பெற்றோர் இரண்டு முறை யோசிக்க வேண்டும்.

கட்டணம் தர முடியாதவர்களுக்கு

1975 அக்டோபர் 2 அன்று தொடங்கிய ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டத்தின் அங்கன்வாடிகள், பலர் இன்றும் பால்வாடி என்றே அழைப்பவை, ஊர்தோறும் உள்ளன. ஆனால் அவை மாலை வரை திறந்திருப்பதில்லை. முழுநாள் தேவைக்காக மத்திய அரசின் ‘பால்னா’ திட்டம், அங்கன்வாடியோடு சேர்ந்த காப்பகங்களுக்கு நிதி தருகிறது. ஆறு மாதம் முதல் ஆறு வயது வரையுள்ளவர்களுக்கு அது உரியது. நூறுநாள் வேலை நடக்கும் இடத்தில் ஆறு வயதுக்குட்பட்ட ஐந்து பிள்ளைகள் இருந்தால் அவர்களைப் பார்க்க ஒரு பெண்ணைக் கூலிக்கு அமர்த்த வேண்டும் என்று அந்தத் திட்டத்திலேயே இடமிருந்தது.

நிறுவன ஊழியர்களுக்கு வேறு வழி இருக்கிறது. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டம், 50 பேர் வேலை செய்யும் நிறுவனங்களின் காப்பகக் கடமையை அப்படியே தொடர்கிறது. நிறுவனம் தன் வளாகத்திலேயே காப்பகம் கட்ட வேண்டும் என்றில்லை. தனியார் நடத்தும் பொதுக் காப்பகத்தைப் பயன்படுத்திக்கொள்ளலாம், பல நிறுவனங்கள் சேர்ந்து ஒன்றை நடத்தலாம். சிறுசேரியிலோ மறைமலைநகரிலோ பதிவேடும் ஆள்கணக்கும் வீட்டு அமைப்பும் சரியாக வைத்திருக்கும் ஒரு காப்பகத்துக்கு இதனால் ஒரு வாய்ப்பு திறக்கிறது: கட்டணத்தைப் பெற்றோருக்குப் பதில் நிறுவனமே கட்டும்படி ஒப்பந்தம் பேசலாம். அப்படிப் பேச வரும் நிறுவனம் முதலில் கேட்பது 2018ஆம் ஆண்டு நெறிகளின்படி இடமும் ஆளும் இருக்கிறதா என்பதைத்தான்.